டானரின் துப்பாக்கி இருக்கும் இடம்

பெயர் டெல்ஃபா ரத்லிஃப். வயது எழுபத்தாறு. கணவர் ஓரி ரத்லிஃப், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். இருப்பிடம் ஹாக்கின் மாவட்டம், ஸ்லேட்டி ஓடைச் சாலையின் கடைசி வீடு. படிப்பு நான்காம் வகுப்பு வரை. இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் கிடையாது.

ஷெரிஃப் அலுவலகத்தில் துணை ஷெரிஃப் லெட்டா ஹில்டன் கேட்க நான் சொல்கிறேன். பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று லெட்டா எனக்குப் படித்துக் காட்டினாள். வக்கீல் வேண்டாம் என்று சொன்னேன். லெட்டாவின் பாட்டி என் மகன் எஸ்டிலின் சாவுக்கு வந்துவிட்டுப் போகும்போது மீந்த உருளைக்கிழங்கை என்னுடைய நீலக் கிண்ணத்தில் எடுத்துப் போனாள், அந்தக் கிண்ணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. இது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது என்று லெட்டா சொன்னாள். எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டாள்.

என் மேல் புகார் கொடுத்திருக்கும் டானர் ரத்லிஃப், எஸ்டிலின் ஒரே மகன், வயது இருபத்தேழு. ஓடைக்கு அந்தப் பக்கம், நான் சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் குடியிருக்கிறான். போன ஏப்ரல் மாதம் ஓடையில் வெள்ளம் வந்த அன்று அவனும் அவன் மனைவி கெய்லாவும் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டியவன் டானர். கெய்லா வேண்டாம் என்று சொன்னதாகவும் தான் போய்விடலாம் என்று சொன்னதாகவும் அவனே பிறகு தீயணைப்புக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். வண்டி புரண்டு, அவன் சன்னல் வழியாக வெளியே வந்துவிட்டான். கெய்லாவை மரம் அறுக்கும் ஆலைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். ஒரு காதில் மட்டும் கம்மல் இருந்தது. இன்னொரு கம்மலைத் தேடி டானர் வெள்ளம் வடிந்த பிறகும் ஓடையில் இறங்கிக்கொண்டே இருந்தான், அதன் பிறகு இறங்குவதை நிறுத்திவிட்டான், அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒருவன் மனசு விட்டுப்போய்க் கிடந்தால் அவன் துப்பாக்கியை யாரும் எடுக்க மாட்டார்கள். சுவரில் துப்பாக்கி இல்லாமல் ஒருவனை உட்கார வைப்பது அவனை அம்மணமாக உட்கார வைப்பது மாதிரி. ஆனால் அவனுக்கு வேண்டிய யாராவது ஒருவர் போய், துப்பாக்கியில் முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட் என்கிற இரும்பை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை. அதற்குத் திருப்புளி எதுவும் வேண்டாம், கையாலேயே வந்துவிடும். துப்பாக்கி சுவரிலேயே இருக்கும், வருகிறவன் போகிறவன் கண்ணுக்கு ஒன்றும் குறையாது. எடுத்தவரும் சொல்ல மாட்டார், இழந்தவனும் கேட்க மாட்டான். மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்கு முன்னால் அவனே முகத்தை மழித்துக்கொண்டு வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

கெய்லாவைப் புதைத்த அன்றே டானர் வீட்டுச் சுவரில் இருந்த இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டுகளையும் நான் எடுத்துவிட்டேன். அவை என் வீட்டுச் சோளமாவு டின்னில் இருக்கின்றன, இப்போதே போய் எடுத்துக்கொள்ளலாம். கைத்துப்பாக்கி வண்டியோடு வெள்ளத்தில் போய்விட்டது. ஆகையால் அவன் வீட்டில் சுடுகிற நிலையில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும், நான் தூங்கினேன்.

என் மகன் எஸ்டிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சுரங்கத்தில் கூரை சரிந்து அவனோடு வேலை பார்த்தவன் செத்த பிறகு எஸ்டிலும் இப்படித்தான் கிடந்தான். அவனுடைய போல்ட்டை எடுத்து வைத்திருந்தவன் ஹோபர்ட் மல்லின்ஸ், எஸ்டிலின் சிநேகிதன், இப்போது எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். வேட்டைக்கு முந்தின நாள் எஸ்டில் போய்க் கேட்டான், ஹோபர்ட் கொடுத்தான். திங்கட்கிழமை விடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு எஸ்டில் வீட்டுப் பின்கட்டில் இருந்தான். சுவரை நான்தான் கழுவினேன். சாவு வீட்டில் ஹோபர்ட் என் முன்னால் வந்து நின்று, "மழிச்சிட்டுத்தான் வந்தான் அத்தை. சிரிச்சான். காப்பி குடுத்தேன், குடிச்சான். அவன் பொருள், அவன் கேக்குறான், நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நாளைக்கு நீ எந்த மேட்டுல உக்காரப்போறேன்னு உன்கிட்ட கேட்டானா?"

கேட்கவில்லை என்று ஹோபர்ட் தலையை ஆட்டினான். வேட்டை தொடங்குகிற நாளில் எங்கள் மாவட்டத்தில் யாரும் அதைக் கேட்காமல் மலை ஏற மாட்டார்கள். பக்கத்து மேட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சுட்டால் மானுக்குப் பதில் மாமன் விழுவான். வேட்டைக்குப் போகிறவன் குசலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பான். ஹோபர்ட் எஸ்டிலின் கன்னத்தைப் பார்த்தான், வாயைப் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் ஹோபர்ட்டோடு பேசுவது கிடையாது. கோயிலில் அவன் உட்காரும் பக்கத்தில் நான் உட்காருவது கிடையாது.

இந்த வருடம் அக்டோபர் மாதத்தில் தீயணைப்பு நிலையத்தில் வழக்கம்போல அவரை சூப்பும் சோள ரொட்டியும் போட்டு, துப்பாக்கிக் குலுக்கல் நடத்தினார்கள். தண்ணீர் லாரிக்குச் சக்கரம் மாற்ற அந்தப் பணம். பரிசு ஒரு புதுத் துப்பாக்கி, கைப்பிடிக்குக் கீழே வளையம் வைத்த லீவர் துப்பாக்கி. நானும் ஒரு சீட்டு வாங்கி என் பெயரை எழுதிப் போட்டேன். டானர் வரவில்லை. ஹோபர்ட்டின் பேத்தி சீட்டுப் பீப்பாயில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து டானர் ரத்லிஃப் என்று படித்தாள். உடனே எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், சில பெண்கள் அழுதார்கள். பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எல்லாரும் எங்க சீட்டுல அவன் பேரைத்தான் எழுதினோம் டெல்ஃபா. பாவம், புள்ளைக்கு மனசு கொஞ்சம் தேறட்டும்னு," என்று சொன்னாள். அந்தப் பீப்பாயில் என் சீட்டைத் தவிர மற்றது எல்லாம் டானர்தான் என்று அதன் பிறகு தெரிந்தது. என் வாயில் இருந்த ரொட்டியை நான் விழுங்கவில்லை, கைக்குட்டையில் துப்பிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுத வேண்டாம்.

அதன் பிறகு நான் பல வருடம் கழித்து ஹோபர்ட்டோடு பேசினேன். அவன் தீயணைப்பு நிலைய அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் துப்பாக்கிய அவனுக்குக் குடுக்காத," என்றேன்.

"அடேயப்பா, அத்தைக்கு நாக்கு வந்துடுச்சே," என்று அவன் முதலில் சிரித்தான். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பேரு வந்துடுச்சு அத்தை. ஊரே பாத்துச்சு. எந்த வாயால இல்லேன்னு சொல்ல?" என்றான்.

"உனக்கு ஒரு தடவ பட்டது பத்தாதா?"

அவன் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தான். "பத்தும் அத்தை. தினம் பத்தும். ஆனா ஒண்ணு கேக்குறேன். பொண்டாட்டி செத்தவன், வேலை போனவன், அழுறவன், எல்லார்கிட்டேருந்தும் நீ பாட்டுக்கு எடுத்துக்கிட்டே போனா, அப்புறம் எவன் வந்து எனக்கு மனசு சரியில்லேன்னு வாயத் தொறப்பான்? எவன் டாக்டர்கிட்ட போவான்? உள்ளயே வச்சிக்கிட்டுச் சாவான். துக்கப்பட்டா ஒருத்தனுக்கு உரிமை போயிடுமா?"

"உரிமைய எவன் கேட்டான்? போல்ட்ட மட்டும் உருவிட்டுக் குடுன்னுதான் கேக்குறேன்."

"அந்த லீவர் துப்பாக்கியில அது கையில கழலாது அத்தை," என்றான். அது உண்மை. பக்கத்தில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றினால்தான் வரும், சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வர முடியாது.

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நியாயம் இருக்கிறது என்பதற்காக நான் அவனை மன்னிக்கவும் இல்லை. அடுத்த வாரம் ஹோபர்ட்டே டானரை வண்டியில் ஏற்றிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனான். கடைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார், சிறைக்குப் போனதுண்டா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்ததுண்டா என்று. டானர் எதற்கும் போனதில்லை. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சரி என்று கொடுத்துவிட்டார்கள். மனைவியை நீ வெள்ளத்தில் விட்டாயா என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்காது.

அதன் பிறகு நான் இதே அலுவலகத்துக்கு வந்து ஷெரிஃப் ஹார்மனைப் பார்த்தேன். ஆபத்தில் இருக்கிறவனின் துப்பாக்கியைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைக்க நீதிபதி உத்தரவு போடலாம் என்று மாநிலத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனால் வீட்டு மனிதர்கள் போய்க் கேட்க முடியாது, போலீஸ்தான் கேட்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த குளிர்காலத்தில் எங்கள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். உட்கார இடம் இல்லாமல் சனம் வாசல்வரை நின்றது. தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கட்டைக்கும் குழலுக்கும் வித்தியாசம் தெரியாது, அவன் நமக்குச் சட்டம் போடுகிறான் என்று ஹோபர்ட் பேசினான். நான் சட்டையில் இந்த ஷெரிஃப் நட்சத்திரத்தைக் குத்தியிருக்கும்வரை இந்த மாவட்டத்தில் எவன் வீட்டுத் துப்பாக்கியையும் எடுக்க மாட்டேன் என்று ஷெரிஃப் சத்தியம் செய்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். நாளைக்குக் கூட்டம் போட்டாலும் எழுந்து நிற்பேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஷெரிஃப் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "நீங்களே அன்னைக்குக் கை தட்டுனீங்களேம்மா," என்றார்.

"தட்டினேன். ஊரோட துப்பாக்கிய எடுக்கச் சொல்லல. டானரோடத எடுக்கச் சொல்றேன்."

"எல்லாம் ஒருத்தன்லதாம்மா ஆரம்பிக்கும்."

"எனக்கு ஒருத்தன்தான்யா இருக்கான்," என்றேன்.

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். டானரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னார். போய்ப் பேசியும் இருக்கிறார். நல்லா இருக்கிறேன் சார் என்று டானர் சொன்னானாம், இவர் தோளில் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

இந்த வாரம் புதன்கிழமை பிற்பகல் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு டானர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டுப் போன தட்டு அதே இடத்தில், மேலே மூடிய துணிகூட விலகாமல் இருந்தது. கெய்லாவின் மழைச் செருப்பு வாசலில் கழுவி வைத்திருந்தது. நாய் இல்லை. நாய் எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். அந்த நாயை அவன் குட்டியிலிருந்து வளர்த்தான். சோபாவில் படுத்திருந்தான், கண் திறந்திருந்தது. காலில் எதுவும் போட்டிருக்கவில்லை, பாதம் குளிரில் நீலமாக இருந்தது. லீவர் துப்பாக்கி சுவரில் இல்லை, குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. தோட்டாப் பெட்டி மேசையில் திறந்திருந்தது, ஒன்று மட்டும் வெளியே நிறுத்தி வைத்திருந்தது, மெழுகுவர்த்தி மாதிரி.

நான் ரொட்டியை மேசையில் வைத்தேன். அதன் பிறகு லீவரை இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தேன். அதன் பிறகு தோட்டாக்களை என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், வெளியே நின்றதையும் சேர்த்து. அதன் பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். டானர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பத்தா, அது என்னோடது," என்றான்.

"தெரியும்டா," என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. வேறொருவன் துப்பாக்கியை யாரோ எடுத்துப் போவதைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். நான் கதவைச் சாத்திவிட்டுத் தரைப்பாலத்தைக் கடந்து என் வீட்டுக்கு வந்தேன். ஆகையால் திருடினேனா என்று கேட்டால், உடையவன் பார்க்க, பகல் வெளிச்சத்தில், அவனிடம் கேட்காமல் எடுத்தேன். அதற்கு என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளவும்.

அதன் பிறகு நடந்தது இதுதான். நேற்று டானர் என் வீட்டு வாசலுக்கு வந்தான். பூட்ஸ் போட்டுக் கயிறு கட்டியிருந்தான். ஹோபர்ட் வந்து விசாரித்ததாகவும் அவன்தான் போய்க் கேட்கச் சொன்னதாகவும் சொன்னான்.

"கெழவி, உனக்கு என்ன உரிமை இருக்கு? நான் என்ன பச்சப் புள்ளயா? எல்லாரும் என்னயப் பாத்துப் பாத்துப் பேசுறீங்க. கொண்டா இங்க!" என்று கத்தினான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் குரல் அந்த உயரத்துக்குப் போய் நான் கேட்கவில்லை. என்னுடைய பால் வாளியை எட்டி உதைத்தான், அது முற்றத்தில் உருண்டு போனது.

"கத்து, இன்னும் கத்து," என்றேன். "உங்கப்பன் கத்தவே இல்ல."

அவன் வாளியை எடுத்துத் திண்டின் மேல் வைத்துவிட்டு நேராக இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். துப்பாக்கித் திருட்டு பெரிய குற்றம், இந்த வயதில் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஷெரிஃப் இன்று காலையில் என் வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் தன் வண்டியில் முன்னால் ஏறச் சொன்னார், நான் கைதி மாதிரி பின்னால்தான் ஏறினேன். என் அண்டை வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கும்.

துப்பாக்கி இப்போது எங்கே என்று லெட்டா கேட்டாள். பத்திரமாக இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து, நனையாத இடத்தில் வைத்திருக்கிறேன். விற்கவில்லை, உடைக்கவில்லை, ஓடையில் எறியவில்லை. ஊருக்குள்தான் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

டானர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும், நான் இடத்தைச் சொல்லிவிட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அவன் சொல்வதாகவும், யாருக்கும் கஷ்டம் இல்லாமல் முடிந்துவிடும் என்றும் லெட்டா சொன்னாள். வருகிற திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது, அவனுக்குத் துப்பாக்கி வேண்டுமாம். முகம் மழித்திருக்கிறானா என்று கேட்டேன். மழித்திருக்கிறான் என்றாள். மழித்தது போதாது என்று எனக்கு முன்பே தெரியும்.

"அவன்கிட்ட போய், என்கிட்டயோ உன்கிட்டயோ வேற ஏதாவது கேக்கணுமான்னு கேட்டுட்டு வா," என்று லெட்டாவிடம் சொன்னேன். என்ன கேட்க வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டாள். அது நீ எழுதியதிலேயே இருக்கிறது, ஆனால் அவனுக்கு நாம் சொல்லக் கூடாது, அவன் வாயில் வர வேண்டும் என்றேன். லெட்டா எழுந்து போனாள். இந்த அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. அவள் குனிந்து கேட்பதும் அவன் நிமிர்ந்து பார்ப்பதும் தெரிந்தது. பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் ஹோபர்ட் மல்லின்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹோபர்ட் எந்த மேட்டில் உட்காரப் போகிறான் என்று தெரிந்துகொள்ள டானர் பக்கத்தில் திரும்பி ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

லெட்டா திரும்பி வந்து, "ஒண்ணும் கேக்க வேணாமாம்," என்றாள்.

சரி என்று சொன்னேன். காப்பி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் டானர் அந்தக் கேள்வியை என்னிடமோ ஹோபர்ட்டிடமோ இந்த ஷெரிஃபிடமோ வழியில் போகிற யாரிடமோ கேட்டுவிட்டால், நான் சிறையில் இருந்தாலும் இடத்தை உடனே சொல்கிறேன், போல்ட்டுகளும் சோளமாவு டின்னில் இருக்கின்றன. கேட்காவிட்டால் அடுத்த வருடமும் வேட்டை வரும். நான் காத்திருப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

மூக்குக் கண்ணாடி கொண்டு வராததால் லெட்டா இதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள், கேட்டேன். எதையும் மறைக்கவில்லை என்று கடைசி வரி இருந்தது, அது பொய் என்பதால் அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டாள். மேலே இருப்பது எல்லாம் நடந்தது நடந்தபடி. ஒன்றை மட்டும் மறைத்திருக்கிறேன், அது என்ன என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) டெல்ஃபா ரத்லிஃப்

என் முன்னிலையில் சொல்லி, என் முன்னிலையில் ஒப்பமிட்டார்.
லெட்டா ஹில்டன், துணை ஷெரிஃப், ஹாக்கின் மாவட்டம்